மறியல் (சிறை) வேலையிலிருந்து குற்றவியல் ஆய்வுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து சிறைக்காவலர், ஜெயிலர் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் சிலர், "பிறகு குற்றவியல் படித்து ஆய்வுக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். அண்ட்ரூ கொய்ல் ஸ்கொட்லாந்துச் சிறைகளிலும், பின்னர் 1997 வரை லண்டன் பிரிக்ஸ்டன் சிறையிலும் பொறுப்பதிகாரியாக இருந்தவர். அதே ஆண்டு கிங்ஸ் கல்லூரியில் சிறைகள் பற்றிய ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, பேராசிரியரும் ஆனார்.

முதலில் பாடத்தின் பெயரிலேயே குழம்ப வேண்டாம். குற்றவியல் சட்டம் வேறு, குற்றவியல் வேறு. தடயம் தேடிக் கைரேகை எடுப்பதும் இதுவல்ல. குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனை மனிதரை என்ன செய்கிறது என்று கேட்கும் படிப்பு இது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவே உண்டு. சிங்களத்தைத் தள்ளிப்போடாதீர்கள், சிறைப் பதிவேடு வாசிக்கத் தேவைப்படும்.

அடுத்தது, 'மறியல்' என்ற நம் சொல். வழக்கு முடியும்வரை தடுத்துவைக்கும் விளக்கமறியலையும் தண்டனையையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. புதுக்குடியிருப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து, வவுனியா சிறை வாசலில் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக் காத்திருக்கும் தாயின் மகனுக்கு வழக்கே முடிந்திருக்காது. இலங்கைச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியலில் இருப்பவர்களே அதிகம். எல்லோரையும் குற்றவாளி என்று எழுதினால் ஆய்வு அந்த இடத்திலேயே பிழையாகிவிடும்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. சீருடையில் நின்றபடி கைதியிடம் ஆய்வுக் கேள்வி கேட்பது. "விருப்பமா?" என்றால் "ஓம் சேர்" என்றுதான் சொல்வார். அவரைப் பார்க்க வருபவர்களை விடுவதும் விடாததும் உங்கள் கையில் இருக்கும்போது அது சம்மதம் ஆகாது. நீங்கள் வேலை செய்யாத சிறையைத் தேர்ந்தெடுங்கள், சிறைச்சாலைத் திணைக்களத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், மறுத்தால் ஒன்றும் நடக்காது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

சரி, பல்கலைக்கழகத்துக்குப் போனபின் சிறையை மறப்பதும் தவறுதான். தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்கின்றன கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015 இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள். அதை மேற்கோள் காட்டுவதோடு நிற்காதீர்கள். எந்தப் புத்தகத்தில் அந்த நாள் பதியப்படுகிறது, மருத்துவர் உண்மையிலேயே வந்து பார்த்தாரா என்று தேட உங்களுக்குத்தான் தெரியும்.

விடுதலையானவரைச் சந்திக்கப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். வன்னியில் தெரியாத ஒருவர் படலையில் நின்றாலே, "விசாரிக்க வந்திருக்கினம்" என்று வீடு பதறும். முதல் நாள் கேள்வித்தாளை வெளியே எடுக்காதீர்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள், அவர் பெயர் எங்கும் வராது என்பதைச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அப்புறம் அவர் கூப்பிட்டால் மட்டும் போங்கள்.