பாவ்ஃபெங் யுவி-5ஆர்: சேனலைச் சேமிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

யுவி-5ஆர் என்ற கையடக்க ரேடியோ செட்டை வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி இது: "ரிப்பீட்டரின் அதிர்வெண்ணைப் போட்டுச் சேமித்துவிட்டேன். மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது. நான் பேசுவது மட்டும் ஏன் யாருக்கும் போய்ச் சேரவில்லை?" (ரிப்பீட்டர் என்பது ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை வேறொரு அதிர்வெண்ணில் திரும்ப அனுப்பும் நிலையம்.) எந்தத் தகவல் எந்த நினைவகத்தில் போய் உட்காருகிறது என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும். (அமெச்சூர் உரிமம் கையில் இல்லாதவர்கள், பேசும்போது அழுத்தும் பி.டி.டி. பட்டனைத் தொடாதீர்கள்.)

முதலில், மூன்று நினைவகங்கள்

ஒன்று, செட்டை இயக்கும் மென்பொருள் இருக்கும் இடம். மெனு, பட்டன், குரல் அறிவிப்பு எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது அதுதான். யுவி-5ஆரில் அதை நாம் புதுப்பிக்க வழியில்லை, அதனால் அதை விட்டுவிடலாம்.

இரண்டு, தற்காலிக நினைவகம். கட்டுப்பாட்டுச் சிப்பின் ரேமும், ரேடியோ சிப்பின் ரெஜிஸ்டர்களும் (சிப்புக்குள் உள்ள சின்னச் சின்ன நினைவிடங்கள்) இந்த வகை. நீங்கள் சேனல் மாற்றும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டுச் சிப் புதிய அதிர்வெண்ணை அந்த ரெஜிஸ்டர்களில் எழுதுகிறது. செட்டை அணைத்தால் அது போய்விடும்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: ஈஈப்ராம். பேட்டரியைக் கழற்றி மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அதில் எழுதியது அழியாது. இந்த வகைச் சிப்பில் ஏறத்தாழ 10 லட்சம் முறை எழுதலாம். சேனலை மாற்றி மாற்றிச் சேமித்தால் தேய்ந்துவிடுமோ என்ற கவலையே வேண்டாம். பழைய செட்களில் இந்தச் சுகம் இல்லை. 1980களின் ஐகாம் ஐசி-751 என்ற அமெச்சூர் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சிறிய லித்தியம் பேட்டரிதான் ரேமுக்கு உயிர். அந்த பேட்டரி செத்தால் சேனல்கள் மட்டுமல்ல, செட்டை இயக்கும் நிரலும் சேர்ந்தே போய்விடும்.

ஒரு சேனலைத் திறந்து பார்ப்போம்

யுவி-5ஆரில் 0 முதல் 127 வரை 128 சேனல்கள். ஈஈப்ராமில் ஒவ்வொன்றுக்கும் 16 பைட். முதல் 4 பைட் கேட்கும் அதிர்வெண், அடுத்த 4 பைட் அனுப்பும் அதிர்வெண். பிறகு கேட்கும் டோனுக்கு 2, அனுப்பும் டோனுக்கு 2 (டோன் என்பது எதிர்முனையைத் திறக்கக் குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலி). மிச்சத்தில் பவர், அலை அகலம் போன்ற சில்லறை விஷயங்கள்.

145.500 மெகாஹெர்ட்ஸ் என்றால் அது 14550000 என்ற எட்டு இலக்கமாகிறது. பைட்டுக்கு இரண்டு இலக்கம், அதுவும் பின்னாலிருந்து: 00 00 55 14. டோன் 88.5 என்றால் 885 என்ற எண். காலிச் சேனலின் இடம் முழுக்க எஃப்எஃப் (ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு) என்று நிரம்பியிருக்கும்.

கேட்பதற்கும் அனுப்புவதற்கும் தனித்தனி இடம் என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை மட்டும் சேமித்தால் செட் கேட்கும் அதிர்வெண்ணிலேயே அனுப்பவும் செய்யும். ரிப்பீட்டரோ வேறு அதிர்வெண்ணில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இரண்டு முறை சேமிக்க வேண்டும்.

கையால் ஏற்றும் முறை

145.650இல் பேசி, 145.050இல் கேட்கும் ரிப்பீட்டர் ஒன்றை 5ஆம் சேனலில் போடுவதாக வைத்துக்கொள்வோம்.

1. வி.எஃப்.ஓ./எம்.ஆர். பட்டனை அழுத்தி அதிர்வெண் நிலைக்கு வாருங்கள். ஏ/பி பட்டனால் மேல் வரியைத் தேர்ந்தெடுங்கள். கீழ் வரியிலிருந்து சேமிக்க முடியாது. மெனு 7இல் இரட்டைக் கண்காணிப்பை (இரண்டு வரிகளையும் மாறி மாறிக் கேட்பதை) அணைத்துவிடுங்கள்.
2. மெனு 28இல் 005ஐ அழியுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஏற்கெனவே நிரம்பிய சேனலில் சேமித்தால், புதிய எண் அனுப்பும் இடத்தில் போய் விழும்.
3. 145650 என்று அடியுங்கள். டோன் தேவையென்றால் மெனு 13இல் வையுங்கள்.
4. மெனு, 27, மெனு, 005, மெனு என்று வரிசையாக அழுத்துங்கள். கேட்கும் இடம் நிரம்பியது. எக்ஸிட் அழுத்துங்கள்.
5. இப்போது 145050 அடித்து, மீண்டும் மெனு 27, அதே 005. அனுப்பும் இடமும் நிரம்பிவிட்டது.

மெனு 27இல் எண்ணுக்கு முன்னால் 'சி.எச்.' என்று காட்டினால் அந்தச் சேனலில் ஏதோ இருக்கிறது என்று பொருள். அப்புறம் வி.எஃப்.ஓ./எம்.ஆர். பட்டனால் சேனல் நிலைக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள்.

ரிப்பீட்டர் இல்லாத நேரடி உரையாடலுக்கான சேனல் என்றால் 4ஆம் படியோடு வேலை முடிந்தது.

கணினி வழி

பத்துப் பதினைந்து சேனலுக்கு மேல் என்றால் கையால் செய்வது வீண் வேலை. சிர்ப் என்ற இலவச மென்பொருளும் ஒரு புரோகிராமிங் கேபிளும் போதும். சிர்ப் செய்வது பெரிய மாயமில்லை: ஈஈப்ராமில் உள்ளதை நகலெடுத்து அட்டவணையாகக் காட்டுகிறது, நீங்கள் திருத்தியதைத் திரும்ப எழுதுகிறது.

செட்டிலிருந்து முதலில் இறக்கிய கோப்பைத் தொடாமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். சேனல்களோடு ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கும் வசதி) அளவுகள் போன்ற அமைப்புகளும் அதே ஈஈப்ராமில்தான் இருக்கின்றன. நண்பரின் செட்டிலிருந்து எடுத்த கோப்பை அப்படியே உங்கள் செட்டில் ஏற்ற வேண்டாம்; சேனல் வரிசையை மட்டும் நகலெடுத்து உங்கள் கோப்பில் ஒட்டுங்கள். மெனு 40இல் உள்ள 'ஆல்' ரீசெட் சேனல்களைத் துடைத்துவிடும், 'வி.எஃப்.ஓ.' ரீசெட் அமைப்புகளோடு நின்றுவிடும்.

சேனலுக்குப் பெயர் வைக்கவும் கணினிதான் வழி, விசைப்பலகையில் முடியாது. ஒரு பெயருக்கு ஏழு எழுத்து வரை இடமுண்டு. எழுதி முடித்தபின் மெனு 21இல் 'நேம்' என்று மாற்றினால் திரையின் மேல் வரியில் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வரும்.