கையெழுத்துக்கு முன் பந்தைப் பாருங்கள்

கையெழுத்திட்ட பேஸ்பால் கைக்கு வந்ததும் கண் நேராகக் கையெழுத்துக்குத்தான் போகும். முதலில் பந்தைத் திருப்பி, அதில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். 1999 வரை அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் பிரிவுகளான அமெரிக்கன் லீகுக்கும் நேஷனல் லீகுக்கும் தனித்தனிப் பந்துகள். அந்தந்த லீக் தலைவரின் பெயர் அவற்றில் இருக்கும். 2000 முதல் இரண்டுக்கும் ஒரே பந்து, இரண்டுக்கும் பொதுத் தலைவரான கமிஷனரின் பெயரோடு. புகழ்பெற்ற வீரர் பேப் ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். ஜோ க்ரோனின் அமெரிக்கன் லீக் தலைவரானது 1959-ல். க்ரோனின் பெயர் உள்ள பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால் அது போலி, வேலை அங்கேயே முடிந்தது. தோலும் காலம் சொல்லும்: குதிரைத் தோல் போய் மாட்டுத் தோல் வந்தது 1974-ல். ஆனால் பந்து சரியான காலத்தது என்பதால் மட்டும் கையெழுத்து அசலாகிவிடாது. எழுதாத பழைய பந்துகளைத் தேடி வாங்கி அதில் எழுதுவதே மோசடிக்காரர்களின் வழக்கம்.

அடுத்தது மை. அமெரிக்கக் கடைகளுக்குப் பால்பாயின்ட் பேனா வந்தது 1945-ல். ரூத்தோடு ஆடிய லூ கெரிக் 1941-லேயே இறந்துவிட்டார், அவர் பெயர் பால்பாயின்ட்டில் இருந்தால் போலி. ஷார்பி என்ற அழியா மை மார்க்கர் 1964-ல்தான் வந்தது.

இவை இரண்டும் தேறினால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுங்கள். ஆயிரக்கணக்கான முறை போட்டுப் பழகிய கை வேகமாக ஓடும். கோட்டின் முனை மெலிந்து முடியும். பார்த்து வரைந்த கோடு முனையில் மழுங்கியிருக்கும், நடுவழியில் நின்ற இடத்தில் மை தேங்கியிருக்கும். தோல் வளைவானது, தையல் வேறு குறுக்கிடும். அசல் கையெழுத்துகூடச் சற்று ஆடலாம். அதனால் நடுக்கத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே காலகட்டத்தைச் சேர்ந்த ஐந்தாறு மாதிரிகளாவது பக்கத்தில் வேண்டும். பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் இளமையில் போட்டதும் பிற்காலத்தில் போட்டதும் ஒன்றல்ல.

உண்மையான தலைவலி, உடைமாற்றும் அறைப் பணியாளர்களும் பந்துப் பையன்களும் வீரர்களுக்காகப் போட்ட கையெழுத்துகள். பந்து, மை, ஆண்டு எல்லாம் சரியாக இருக்கும். கை மட்டும் வேறு. ஒரு அணியின் வீரர்கள் பலர் கையெழுத்திட்ட குழுப் பந்தில் எல்லாப் பெயரும் ஒரே பேனாவில் இருப்பது தப்பில்லை, பந்தும் பேனாவும் சேர்ந்தே கைமாறியிருக்கும். வெவ்வேறு பெயர்களில் ஒரே சாய்வு, ஒரே மாதிரி எழுத்து வந்தால்தான் சந்தேகம். பெயர்கள் அனைத்தும் ஒரே ஆண்டின் வீரர் பட்டியலில் உள்ளனவா என்றும் பாருங்கள்.

விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ் வெறும் காகிதம். 1990களின் இறுதியில் போலிக் கையெழுத்துகள் பற்றி எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் அன்னை தெரசாவின் போலிக் கையெழுத்து உள்ள பேஸ்பால்கள்கூட அகப்பட்டன! அந்த இரண்டு லீகுகளையும் நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001-ல் தொடங்கிய ஹோலோகிராம் முறைதான் இருப்பதில் பலமானது; அதன் ஆள் நேரில் நின்று பார்த்ததற்கு மட்டுமே அந்த ஸ்டிக்கர். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற, கையெழுத்தைச் சரிபார்க்கும் தனியார் நிறுவனங்கள் பழைய பந்துகளுக்குத் தருவது பெரும்பாலும் நிபுணர் கருத்து, நேரடி சாட்சி அல்ல. எதுவானாலும் ஸ்டிக்கர் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள விவரம் கையிலுள்ள பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அசல் எண்ணைப் போலிப் பொருளில் ஒட்டுவதும் உண்டு.

வீரரிடம் நீங்களே கையெழுத்து வாங்கப் போனால் ரோலிங்ஸ் நிறுவனத்தின் புதிய அதிகாரப்பூர்வப் பந்தும் நீல பால்பாயின்டும் போதும். தையல்கள் மிக நெருங்கும் ‘ஸ்வீட் ஸ்பாட்’ மேலே தெரியும்படி பந்தைப் பிடித்து நீட்டுங்கள். தனிக் கையெழுத்துக்கு மதிப்புள்ள இடம் அதுதான். ஷார்பியை மட்டைக்கும் புகைப்படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தோலில் அதன் மை நாளடைவில் பரவி, எழுத்தின் ஓரம் கலங்கிவிடும்.

பந்தைத் தையலில் மட்டும் தொடுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் பிறகு பழுப்பாகும். மேலே வார்னிஷ் பூசவே கூடாது, அது மஞ்சளாகி வெடிக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பெட்டி வெளிறுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஜன்னல் வெளிச்சம் படாத, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டிய அலமாரியில் வையுங்கள்.