ஆற்றங்கரை விடுதியில் தங்கி ரெயூனியனின் கிழக்கைச் சுற்றுவது எப்படி?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன் தீவுக்கு முதல்முறை வருகிற நம்மவர்கள் நாலே நாளில் அதை ஒரு வட்டம் அடித்துவிட ஆசைப்பட்டு, தினம் ஒரு ஊரில் அறை போடுகிறார்கள். பாதி நேரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். பேசாமல் கிழக்குக் கரையில், ப்ரா-பனோன் பக்கம் ஓடும் ரிவியேர் தே ரோஷ் ஆற்றோரமாக ஒரே விடுதியில் மூன்று ராத்திரி தங்குங்கள். புதுச்சேரியிலிருந்து வந்து ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இப்படித்தான் கூட்டிப்போகிறேன்.

படி 1: கிளம்புமுன்

இது பிரான்ஸ் மண்தான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் சேராது. ஷெங்கன் விசா மட்டும் கையில் இருந்தால் போதாது. ரெயூனியன் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மே முதல் அக்டோபர் வரை வாருங்கள். ஜனவரி, பிப்ரவரி புயல் காலம். வாடகைக் கார் எடுத்தால் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். 'கார் ஜோன்' என்கிற மஞ்சள் பஸ்ஸும் உண்டு. மலைக்குப் போக சேன் ஆந்த்ரே என்ற ஊரில் இறங்கி மாற வேண்டும்.

படி 2: வீட்டுச் சாப்பாடு உள்ள இடமாகப் பிடியுங்கள்

'ஷாம்ப்ர் தோத்' என்று தேடினால் வீட்டோடு சேர்ந்த அறைகள் கிடைக்கும். 'தாப்ல் தோத்' உண்டா என்றும் கேளுங்கள். வீட்டுக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அது.

நான் முதன்முதல் தங்கிய வீட்டில் இருந்தது ஒரு மல்பார் பாட்டி. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களின் வழிவந்தவர்களை இங்கே மல்பார் என்பார்கள். எல்லோரும் 'மேமே' என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். சோற்றின் மேல் ஒரு கரண்டி கீரையை ஊற்றி, "ப்ரெத் மூரூம்" என்றார். மூன்று வாய் சாப்பிட்ட பிறகுதான் உறைத்தது: முருங்கைக்கீரை! மேமேவுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் வராது. ஆனால் குழம்பு 'காரி', தைப்பூசத்துக்குத் தூக்குவது 'கவாதி', கொல்லையில் காய்த்துத் தொங்குகிற சௌசௌ 'ஷூஷூ'. அன்று ராத்திரி பேச்சு முழுக்க இந்த மாதிரி வார்த்தைகளில்தான் ஓடியது.

படி 3: மலைக்கு விடியற்காலையில்

சலாசிப் பள்ளத்தாக்குக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். நான் முதல்தடவை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அருவி, மலை எதுவும் இல்லை, வெள்ளைச் சுவர்தான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வெயில் ஏற ஏற மலைச்சரிவில் மேலேறி மேகமாகிவிடுகிறது.

சேன் ஆந்த்ரேயிலிருந்து ரிவியேர் து மா ஆற்றை ஒட்டியே சாலை ஏறும். 'மணமகளின் முகத்திரை' என்று பெயர் வைத்த அருவி வழியிலேயே தெரியும். அதைத் தாண்டினால் எல்-பூர். கூரை விளிம்பில் சரிகை மாதிரித் தகடு வெட்டி ஒட்டிய கிரியோல் வீடுகளை, அதாவது இந்தத் தீவுக்கே உரிய பழைய பாணி வீடுகளைப் பார்க்கவே போகலாம். பழைய வெந்நீர்க் குளியல் கூடத்தின் இடிபாடு ஊருக்குக் கீழே, சின்ன நடை. 1948 புயலோடு அந்த ஊற்று போய்விட்டது.

படி 4: கோயில், வனிலா, மீன் – இந்த வரிசையில்

மறுநாள் காலை சேன் ஆந்த்ரே கோயில். மாமிசம் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவதை இங்கே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நம் ஊரைவிடக் கண்டிப்பு. அதனால் மீன் கடைசியில்.

பிறகு ப்ரா-பனோனில் வனிலாக் கூட்டுறவுக் கூடம். வனிலாப் பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். அன்றைக்கே கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். 1841-இல் அந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் எத்மோன் அல்பியுஸ். 12 வயது, அடிமைச் சிறுவன். ஒரு மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருக்கும் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மத்தியானம் பிஷிக் குழம்பு. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறுகிற பொடிமீன் குஞ்சுகளை முகத்துவாரத்தில் கல் அடுக்கி, கூடை வைத்துப் பிடிப்பார்கள். விலை கன்னாபின்னா. ஒரு தட்டை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டால் தப்பில்லை.

படி 5: ஆற்றில் இறங்குவது

பஸான் லா பே அருவிக்குளம் விடுதியிலிருந்து பக்கம்தான். முதலில் பலகையைப் பாருங்கள்: 'ஆந்தெர்தி' என்று இருந்தால் தடை. பாறை விழுகிற இடம் என்பதால் வேடிக்கைக்குப் போட்டதில்லை. கையில் காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். இந்தத் தீவின் மலையில் 1966-இல் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது, உலக சாதனை. தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், செருப்பைத் தேடாமல் கரையேறுங்கள்.

ஒரு செட் துணி கூட எடுத்துப் போங்கள். ஈரத்தோடு வாடகைக் காரில் உட்கார்ந்ததற்கு, சீட்டைச் சுத்தம் செய்யவென்று என்னிடம் தனியாகக் காசு பிடுங்கியிருக்கிறார்கள்.