ஆர்எக்ஸ் 100-ல் அசையாத நான்காவது ஸ்க்ரூ

பெங்களூரு அல்சூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இரண்டு வருடம் சும்மா நின்றது. ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் ஒழுகியது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினேன். அதன் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் நான்கு ஸ்க்ரூவில் மூன்று வந்துவிட்டது. நான்காவது அசையவே இல்லை. அவசரத்தில் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் திருகியதில் தலை மழுங்கி, வெள்ளித் தூள் விரலில் ஒட்டியதுதான் மிச்சம்.

தப்பு என்னுடையது. ஜப்பானிய வண்டிகளில் வருவது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூ. பார்க்க பிலிப்ஸ், அதாவது நம்ம சாதாரண ஸ்டார் மாதிரியே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருகினால் மேலேறி வழுக்கும். ஜே.சி. ரோடு கடைக்காரர் ஜேஐஎஸ் முனையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இம்பாக்ட் டிரைவர் வெச்சு சுத்தியலால அடிச்சிடாதீங்க தம்பி, ஸ்க்ரூ உட்கார்ற காது உடைஞ்சிடும்" என்றார்.

ராத்திரி முழுக்க துருவைத் தளர்த்தும் ஆயிலில் ஊறவிட்டேன். காலையில் பெட்ரோல் வாடையே இல்லாமல் துடைத்து, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டேன் (அம்மாவின் பழைய குக்கர்; அது தனிக் கதை). சூட்டில் கார்புரேட்டர் உடம்பு எஃகு ஸ்க்ரூவைவிட அதிகம் விரியும், பிடி தளரும். அப்படியும் ஜேஐஎஸ் முனைக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை, தலை அவ்வளவு மோசம். கடைசியில் வைஸ் கிரிப்பால் (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் இடுக்கி) தலையின் விளிம்பைக் கவ்வி, முதலில் துளி இறுக்கி, அப்புறம் தளர்த்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

நான்குக்கும் தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் ஸ்க்ரூ மாற்றினேன். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் புதுசு.