பேண்டுக்கு ஆல்பம் கவர் வரையும் ஓவிய மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியக் கல்லூரி மாணவர் பலருக்குக் காசு வரும் முதல் வேலை, தெரிந்தவர்களின் பேண்டுக்கு, அதாவது இசைக்குழுவுக்கு, ஆல்பம் கவர் வரைவதுதான். இதில் சொதப்பல் கோட்டிலோ வண்ணத்திலோ நடப்பது குறைவு. வரைவதற்கு முன்னும் பின்னும்தான் நடக்கிறது.

முதல் தவறு, பாட்டை முழுசாகக் கேட்காமலே ஸ்கெட்ச் போடுவது. ஒரே ஒரு டெமோவைக் கேட்டுவிட்டு, அதில் மழை வந்தால் குடை வரைந்துவிடுகிறோம். மீதி எட்டுப் பாட்டும் வேறு மனநிலையில் இருக்கும். அதைவிடப் பெரிய தவறு, நம் யோசனையையே பிடித்துத் தொங்குவது.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹார்டியிடம் லெட் செப்பலின் என்ற ராக் பேண்டின் முதல் ஆல்பத்தின் கவர் வேலை வந்தது. அவர் கொண்டுபோன யோசனையை கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் ஏற்கவில்லை. 1937இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்த புகைப்படத்தைக் கொடுத்து, இதை மையில் வரைந்து தா என்றார். ஹார்டி முறைத்துக்கொள்ளவில்லை. மெல்லிய மைப் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து முடித்தார். கூலி 60 பவுண்டு. ஆல்பம் 1969இல் வந்தது. அடுத்தவர் யோசனையை நம் கையால் உயர்த்திக் காட்டுவதும் இந்தத் தொழிலில் ஒரு திறமைதான்.

ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு, பின்டரெஸ்ட்டில் கிடைத்த புகைப்படத்தின் மேல் அப்படியே கோடு இழுத்துக் கொடுத்துவிடாதீர்கள். புகைப்படம் எடுத்தவருக்கும் உரிமை உண்டு. அவர் புகார் செய்தால் மாட்டுவது பேண்டும்தான். ரெஃபரன்ஸ் வேண்டுமென்றால் நீங்களே போனில் நாலு படம் எடுங்கள், அல்லது அனுமதி வாங்குங்கள்.

அளவு விஷயத்துக்கு வருவோம். ஸ்ட்ரீமிங்குக்குப் பொதுவாகக் கேட்பது 3000க்கு 3000 பிக்சல் சதுரம். அதனால் பலர் அதே அளவில் வரைந்துவிடுகிறார்கள். பிறகு பேண்ட் வினைல் போடலாம் என்று கிளம்பும். 12 அங்குல இசைத்தட்டின் உறைக்கு, ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில், வெட்டுக்கு விடும் ஓரத்தையும் சேர்த்தால் 3800 பிக்சலுக்குப் பக்கத்தில் வரும். எனவே ஆரம்பத்திலேயே 4000க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பளீரென்று எரியும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கிப்போகும் என்பதால், அச்சு உண்டென்றால் முதலிலேயே ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு பக்கம், போனில் பாட்டு வரிசையில் அந்தப் படம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். கூட்டம், கட்டடம், பறவை என்று நிரப்பி வரைந்தால் அங்கே வெறும் கறைதான். வரையும்போதே அடிக்கடி சுருக்கிப் பாருங்கள். எழுத்துக்கு இடம் விடாமல் வரைவது அடுத்தது. ஆல்பம் பெயரைக் கடைசியில் யாரோ ஒருவர் முகத்தின் மேல் ஒட்டிவிடுவார். இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர், விலை ஆகியவற்றைக் கவரில் போட்டால், பாட்டை ஸ்ட்ரீமிங்குக்கு அனுப்பும் நிறுவனங்கள் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடும்.

பேண்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து கருத்து வரும். முடிவு சொல்ல ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். எத்தனை தடவை மாற்றித் தருவீர்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சரி, காசும் உரிமையும். நண்பர்கள்தானே என்று எழுதாமல் விடுவதுதான் எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஹார்டி படித்த அதே கல்லூரியின் மாணவர் ஜான் பாஷ். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் பேண்டின் உதடும் நாக்கும் சின்னத்தை 1970இல் வரைந்தார். (அந்த பேண்டின் பாடகர் மிக் ஜாகர் அவருக்குக் காட்டியது நம் காளியின் படம்.) அதற்கு 50 பவுண்டு கிடைத்தது, பிறகு 1972இல் இன்னொரு 200. அந்தச் சின்னம் எத்தனை சட்டைகளில் ஏறியது என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தியாவில் இன்னும் கவனம் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பிரதிபலன் பெற்று வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். பணம் வாங்கினோம், உரிமை நம்மிடம்தான் என்று நினைப்பது தப்புக் கணக்கு. உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமென்றால் அதை எழுதி வாங்க வேண்டும். பிறகு அந்த உரிமையை நீங்கள் பேண்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது காலமும் இடமும் குறிப்பிடாவிட்டால், 19ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் என்று எடுத்துக்கொள்ளும். கவருக்கு மட்டுமா, டி-ஷர்ட்டுக்கும் போஸ்டருக்குமா என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது பதிவு செய்து, இரு தரப்பும் சம்மதம் சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் கையில் வந்த பிறகு பென்சிலை எடுங்கள்.

அப்புறம், காகிதத்தில் வரைந்திருந்தால் அசல் யாரிடம் இருக்கும் என்பதைத் தனியாகப் பேசுங்கள். ஹார்டி தன் புள்ளி ஓவியத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். 2020இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 3,25,000 டாலருக்குப் போனது.