சிங்கப்பூரில் கட்டட அனுமதி: எல்லா ஆணையங்களையும் ஒரே வரிசையில் நகர்த்துவது எப்படி?

வரைபடத்தில் கை வைக்குமுன் மனையைத் தெரிந்துகொள்ளுங்கள். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில் நிலப் பயன்பாடு இருக்கும், ஆனால் அது போதாது; சாலைக்கென ஒதுக்கிய நிலத்தைக் காட்டும் சாலைக் கோடுகளை நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் வடிகால், கழிவுநீர்க் குழாய்களின் தடத்தைப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமும் வாங்கிப் பார்த்தால்தான் கட்ட எவ்வளவு இடம் மிஞ்சும் என்று தெரியும். மரங்களை மறக்காதீர்கள்! காலி மனையில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட, தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும்.

அப்புறம் கோர்நெட் எக்ஸ் (CORENET X), அதாவது கட்டடத் திட்டங்களை ஆணையங்களின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கும் இணையத்தளம். அதில் எல்லா ஆலோசகர்களும் சேர்ந்து ஒரே முப்பரிமாண மாதிரியைச் சமர்ப்பிக்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கான வழியும் மரமும் வடிகாலும் மோதுவது இங்கேதான், எனவே கட்டடக் கலைஞரையும் பொறியாளர்களையும் முன்கூட்டியே உட்காரவைத்துத் தீர்த்துவிடுங்கள். ஓர் ஆணையம் கேட்கும் மாற்றம் இன்னொன்றின் விதியை மீறுகிறதா என்று பார்க்க ஒருவர் கட்டாயம் பொறுப்பில் இருக்கவேண்டும்.