தம்பூரா பஞ்சமத்தில் கலந்த இரைச்சல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய தோட்ட வீட்டில் மடிக்கணினி வழியே 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் (உயர்தர) கச்சேரிப் பதிவு கேட்டால் தம்பூரா சுருதி சேராததுபோல நொடிக்கு இரண்டு முறை அலையும். பதிவில் பிழை இல்லை. ஒரு கட்டைச் சுருதியில் மந்தரப் பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் ‘ப’) 98 ஹெர்ட்ஸ். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கலக்கிறது. 98-உம் 100-உம் மோதுவதால்தான் அந்த அலைவு. ஐந்து கட்டையில் பாடுபவர் என்றால் மந்தர ஷட்ஜமம் அதே 98 ஹெர்ட்ஸ், அங்கும் அலைவு கேட்கும்.

சோதனை எளிது: மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினேன், இரைச்சல் நின்றது. சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனியாக எர்த்துக்குப் போக, நடுவே யூஎஸ்பி கம்பி இரண்டையும் இணைத்து எர்த் வளையத்தை (கிரவுண்ட் லூப்) மூடிவிடுகிறது; அதன் வழியே இரைச்சல் நுழைகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியதும் பாதி குறைந்தது. மீதிக்கு டாக்குக்கு (DAC, டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) முன் யூஎஸ்பி ஐசோலேட்டர்; அது மின் தொடர்பை அறுத்துத் தரவை மட்டும் கடத்தும். மலிவானவை நொடிக்கு 12 மெகாபிட்தான் கடத்தும். 96 கிலோஹெர்ட்ஸ் வரை பாடும், 192 ஓடாது. கணினியில் ஆப்டிகல் துளை இருந்தால் அதுவே மேல், கண்ணாடி இழையோ பிளாஸ்டிக்கோ மின்சாரத்தைக் கடத்தாது.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டச் சொல்வார்கள். இரைச்சல் போகும், உயிரும் போகலாம்.

கடைசியாக, இரைச்சலுக்கு அல்ல, ஒலித் தரத்துக்கு: விண்டோஸில் பாட்டுச் செயலியின் அமைப்பில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் (WASAPI Exclusive, விண்டோஸின் ஒலிக் கலப்பைத் தவிர்க்கும் முறை) தேர்ந்தெடுங்கள். இல்லையேல் 96 கோப்பும் 48 ஆக மாறியே வெளிவரக்கூடும். டாக்கில் கிலோஹெர்ட்ஸைக் காட்டும் விளக்கு இருந்தால், அதைப் பார்த்தால் தெரியும்.